ஃபுல் நைட்டுக்கு யாரைப் போடலாம்?

காலேஜ் நோட்டீஸ் போர்டுல புது டைம்டேபிள் ஒட்டினதும் முதல்ல எதைப் பார்ப்பீங்க? சனிக்கிழமை கடைசி பீரியட் ஃப்ரீயான்னுதானே? அடுத்து, அந்த அறுவை சப்ஜெக்ட் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருதான்னு. ரெண்டும் நல்லபடியா அமைஞ்சா அந்த செமஸ்டரே சொர்க்கம். அமையலைன்னா, டைம்டேபிள் போட்ட சாருக்கு வருஷம் முழுக்க அர்ச்சனை!

எங்க ஊர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு பேப்பரை வாராவாரம் எட்டிப் பார்க்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. அவங்க ஸ்டூடண்ட்ஸ் இல்ல, ஸ்பின்னிங் மில்லுக்குப் போறவங்க. அந்தப் பேப்பருக்குப் பேர் ஷிஃப்ட் சார்ட். இந்த வாரம் ராத்திரி வீட்ல படுப்போமா, குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்ப நாம இருப்போமா, ஊர் நோம்பிக்குப் போக முடியுமா... எல்லாத்துக்கும் விடை அந்தக் கட்டத்துக்குள்ளதான் இருக்கு.

ஊர் கருமத்தம்பட்டி. கோயமுத்தூர்ல இருந்து அவினாசி ரோட்டுல கிளம்பி நீலாம்பூர், அரசூர் தாண்டினா வந்துடும். ரோட்டோரம் நூல் மில்லுங்க. தெற்கே சோமனூர் பக்கம் திரும்பினா, வீட்டுக்கு வீடு 'டக்கடக்கா டக்கடக்கா'ன்னு விசைத்தறிச் சத்தம். கோயமுத்தூர்ல 1888-லேயே ஸ்டேன்ஸ் மில் வந்தாச்சு. ஆனா 1930-களின் தொடக்கத்துல பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் மில்லுங்க மளமளன்னு முளைச்சுது. கரண்ட் வந்தா லைட் வரும். லைட் வந்தா ராத்திரியும் மெஷின் ஓடும். ராத்திரி மெஷின் ஓடினா, பக்கத்துல ஒரு ஆள் முழிச்சிருக்கணும். அந்த ஆள் யார்?

இந்தக் கேள்வியோட ரெண்டு மாசம் குடும்பம் நடத்தினவன் நான். 2019 கோடையில பி.காம். பரீட்சை முடிச்சுட்டு, ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு ஒரு மில் டைம் ஆபீஸ்ல சேர்ந்தேன். அட்டெண்டன்ஸ் எடுக்கறது, சம்பளத்துக்கு நாள் கணக்குப் போடறது, ஷிஃப்ட் சார்ட் தயார் பண்றது, இதான் டைம் ஆபீஸ் வேலை. அங்க முப்பது வருஷமா டைம் கீப்பரா இருந்த ஒரு ஐயாதான் குரு. "எக்செல்லு தெரியுமா கண்ணு?"ன்னு கேட்டார். தெரியும்னேன். "அப்ப பாதி வேலை தெரியும். மீதிப் பாதி கட்டத்துக்கு வெளிய இருக்குது"ன்னார்.

அந்த மீதிப் பாதியைப் பத்தித்தான் உங்ககிட்ட சொல்லப்போறேன்.

கால்குலேட்டரை எடுங்க!

நீங்களே ஒரு மில்லுக்கு ஷிஃப்ட் போடறதா வெச்சுக்குங்க. ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டை லேசுல நிறுத்த முடியாது. மெஷின் பல லட்சம். நிறுத்தி நிறுத்தி ஓட்டினா நூல் அறுந்துகிட்டே இருக்கும். அதனால மூணு ஷிஃப்ட். காலைல 8-ல இருந்து சாயங்காலம் 4 வரைக்கும் டே. 4-ல இருந்து ராத்திரி 12 வரைக்கும் ஹாஃப் நைட். 12-ல இருந்து காலைல 8 வரைக்கும் ஃபுல் நைட்.

மூணு ஷிஃப்ட்டுக்கு மூணு ஆள், கணக்கு முடிஞ்சுதுன்னு தோணும். இருங்க, ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? 24 பெருக்கல் 7... 168. ஒரு ஆள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்? 48. இப்போ 168-ஐ 48-ஆல வகுங்க.

மூன்றரை!

அரை ஆளை எங்க போய்த் தேடறது? அதனால இன்னொரு விதமா எண்ணுங்க. ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு மூணு கட்டம், வாரத்துக்கு 21 கட்டம். ஒரு ஆள் ஆறு நாள் வருவார், ஒரு நாள் லீவு. அப்போ மூணு பேர் சேர்ந்து 18 கட்டத்தை நிரப்புவாங்க. மிச்சம் மூணு கட்டம் காலி.

இப்படி ஆறு மெஷின் இருந்தா 126 கட்டம். 18 பேர் நிரப்பறது 108. காலி, 18 கட்டம். அதை நிரப்ப இன்னும் மூணு ஆள் வேணும். அவங்களுக்குப் பேர்தான் ரிலீவர். அதாவது ஆறு பேருக்கு ஒரு ரிலீவர். இது யாருக்கும் உடம்பு சரியில்லாம போகாத, யார் வீட்லயும் கல்யாணம் காதுகுத்து நடக்காத கற்பனை உலகத்துக்கான கணக்கு!

நிஜத்துல என்ன நடக்கும்? தமிழ்நாட்டுல தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்குன்னு 1958-லேயே ஒரு சட்டம் இருக்கு. அதுப்படி வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்தோட லீவு. அது போக சேர்ந்துபோன சம்பள லீவு. அக்டோபர் மாசம் எங்க ஊர் ஜெபமாலை அன்னை கோயில் தேர்த்திருவிழா. சித்திரை, வைகாசியில ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. தீபாவளி முடிஞ்ச கையோட பீகார்த் தம்பிங்களுக்கு சட் பூஜை. எல்லாத்தையும் சேர்த்தா ஒரு இடத்துக்கு நாலு ஆள் இருந்தாத்தான் சார்ட் மூச்சு விடும்.

ஆனா பெரும்பாலும் மூணு ஆளை வெச்சுகிட்டுத்தான் ஓட்டுவாங்க. காலியான அந்த மூணு கட்டத்தை யார் நிரப்பறது?

கூப்பிட்டா வர்றவங்க

நான் போன முதல் வாரமே பார்த்தது இது. ஃபுல் நைட்டுக்கு ஒரு ஆள் வரலைன்னா, சூப்பர்வைசர் ராத்திரி 11.45-க்கு ஒரு ரவுண்டு வருவார். ஹாஃப் நைட் முடிச்சுட்டுக் கிளம்பறவங்கள்ல ஒருத்தரைப் பிடிச்சு, "இன்னிக்கு ஒருநாள் மட்டும் டபுள் பாரு"ம்பார்.

யாரைப் பிடிப்பார்? சொந்தமா டூவீலர் வெச்சிருக்கிறவர் 'முடியாதுங்க'ன்னு சொல்லிட்டு வண்டியைக் கிளப்பிடுவார். யூனியன் ஆளைக் கேட்கவே மாட்டார். மிச்சம் இருக்கிறது யாரு? மில் பஸ்ல வந்து மில் பஸ்லயே போகணும்கிறவங்க. காம்பவுண்டுக்குள்ளயே ஹாஸ்டல்ல தங்கியிருக்கிற பொண்ணுங்க. ஒடிசா, பீகார்ல இருந்து வந்து குவார்ட்டர்ஸ்ல இருக்கிற தம்பிங்க. அவங்க திறமைசாலிங்கன்னு கூப்பிடறது இல்ல. பக்கத்துல இருக்காங்க, மறுத்துப் பேச மாட்டாங்க, அதனாலதான்.

சைடர் வேலை பார்த்த ஒரு அக்கா இருந்தாங்க. சைடர்னா ஸ்பின்னிங் மெஷினோட ரெண்டு பக்கமும் நடந்துகிட்டே, அறுந்த நூலை ஒட்டறவங்க. ஒரு ஷிஃப்ட்ல உட்காரவே முடியாது, நடைதான். கல்யாணமாகி, ஒரு பையனும் இருந்தான். அதோட தபால் வழியில பி.ஏ. தமிழ் படிச்சுகிட்டிருந்தாங்க. ஒருநாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, "தம்பி, எந்த ஷிஃப்ட்டு வேணாலும் போடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எது போட்டாலும் முன்னாடியே சொல்லீருங்க. பரீட்சை வருது"ன்னாங்க. தேதி எல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொண்டு வந்திருந்தாங்க.

ஐயா அந்தச் சீட்டை வாங்கி, பரீட்சை நாளுக்கு முந்தின நாள் ஹாஃப் நைட், மறுநாள் லீவுன்னு சார்ட்ல போட்டார். ராத்திரி 12-க்கு முடிஞ்சா பஸ் ஏறிப் போய்ப் படுத்துட்டு, காலைல 10 மணிப் பரீட்சைக்குப் போயிடலாம். சார்ட் கச்சிதம்!

அன்னிக்கு ராத்திரி ஃபுல் நைட்டுக்கு ஒரு ஆள் வரலை. சூப்பர்வைசர் வந்தார். "இன்னிக்கு ஒருநாள் மட்டும்..."

அக்கா காலைல 8 மணி வரைக்கும் நடந்துட்டு, கேட்டுக்கு வெளிய பஸ் பிடிச்சு நேரா பரீட்சை ஹாலுக்குப் போனாங்க. கொஸ்டின் பேப்பர் தெரிஞ்ச கேள்வியாத்தான் வந்துச்சாம். ரெண்டு கேள்வி எழுதினதும் கண்ணு சொக்கிடுச்சு. சூப்பர்வைசர் அம்மா வந்து தட்டி எழுப்பறப்போ பாதி நேரம் போயிடுச்சு. அந்தப் பேப்பர் அரியர்.

நமக்கெல்லாம் படிக்காததால அரியர் விழும். தூங்காததால அரியர் விழுந்தவங்களை நான் அப்போதான் பார்த்தேன்.

நாற்பது பக்க நோட்டு

அடுத்த திங்கக்கிழமை ஐயா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிட்டு வந்தார். அதுல நாலே காலம். தேதி, எந்த ஷிஃப்ட், யாரைக் கூப்பிட்டாங்க, அவரைக் கூப்பிடறது இது எத்தனாவது தடவை. யார் டபுள் பார்த்தாலும் மறுநாள் காலைல அதுல ஏறணும். எழுதறது என் வேலை.

மூணு வாரம் எழுதினதுமே விஷயம் வெளிச்சமாயிடுச்சு. கூப்பிட்டதுல பாதிக்கு மேல அதே அஞ்சாறு பேர். சிலரோட பேர் நோட்டுல ஒரு தடவைகூட இல்ல. அதுவரைக்கும் 'எல்லாரும் கஷ்டப்பட்டுத்தான் ஓட்டறோம்'னு எல்லாருமே நம்பிகிட்டிருந்தாங்க.

இங்க ஒரு கணக்கு இருக்கு. காமர்ஸ் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஆறு மெஷின் கணக்குல காலி 18 கட்டம்னு பார்த்தோம். அதுக்கு மூணு ரிலீவர் போட்டா 18 நாள் கூலி. ஏற்கெனவே இருக்கிறவங்களை டபுள் பார்க்க வெச்சா? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 59-வது பிரிவு, ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலின்னு சொல்லியிருந்துச்சு. அப்போ 18 கட்டத்துக்கு 36 நாள் கூலி! பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ்னு எல்லாத்தையும் சேர்த்தாலும் ரிலீவர்தான் மலிவு.

அப்புறம் ஏன் மில்லுங்க ரிலீவர் போடறதில்ல? அந்த இரண்டு மடங்கைக் கொடுக்காததால! நான் இருந்த இடத்துல டபுள் பார்த்தா, சாதா ஷிஃப்ட் கூலிதான், கூட டீயும் பன்னும். ஒரு மடங்கு கூலின்னு ஆனதும் கணக்கு தலைகீழாயிடுது. புது ஆள் வேண்டாம், பி.எஃப். வேண்டாம், இருக்கிறவங்களையே ஓட்டிக்கலாம்.

எனக்கு அப்போதான் அந்தச் சட்டப் பிரிவோட அர்த்தம் புரிஞ்சுது. இரண்டு மடங்கு கூலிங்கிறது உழைச்சவங்களுக்குக் கொடுக்கிற போனஸ் மட்டும் இல்ல. ஆள் பத்தாத சார்ட்டைப் போடற முதலாளிக்குப் போடற அபராதம். அபராதம் வசூல் ஆகலைன்னா அதே கடனை வேற யாரோ தூக்கத்துல கட்டுவாங்க.

வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் வர்றதா இருந்துச்சு. அவங்க முதல்ல கேட்கிறதே ஓவர்டைம் ரெஜிஸ்டரைத்தான். ஐயா அந்த நோட்டையும், என் எக்செல் கணக்கையும் எடுத்துட்டுப் போய் மேனேஜர் டேபிள்ல வெச்சார். மூணு ரிலீவர் கேட்டோம். ரெண்டு பேரைப் போட்டாங்க. கூப்பிடறப்போ நோட்டைப் பார்த்து, குறைவா வந்தவங்களை முதல்ல கேட்கணும்னு சூப்பர்வைசருக்கும் சொல்லியாச்சு. பெரிய புரட்சின்னு சொல்ல மாட்டேன். ஆனா 11.45-க்கு அந்த ரவுண்டு வர்றப்போ பொண்ணுங்க முகத்துல இருந்த பயம் கொஞ்சம் குறைஞ்சுது.

மணி நேரமா, கூலியா?

கருமத்தம்பட்டியில இருந்து அவினாசி தாண்டி திருப்பூர் போனீங்கன்னா 'ஷிஃப்ட்'ங்கிற வார்த்தைக்கே அர்த்தம் மாறிடும். பனியன் கம்பெனி வாசல்ல, "இன்னிக்கு என்னங்க?"ன்னு கேட்டா, "ஒன்றரை"ம்பாங்க. காலைல எட்டரைக்கு உள்ள போய் சாயங்காலம் அஞ்சரைக்கு வந்தா ஒரு ஷிஃப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் இருந்தா ஒன்றரை. நடுராத்திரி தாண்டினா ரெண்டு. ஷிப்மென்ட் அவசரம்னா ஒரே நாள்ல ரெண்டு ஷிஃப்ட் ஓட்டறதும் உண்டு.

கவனிச்சீங்களா? மில்லுல ஷிஃப்ட்னா ஒரு நேரம். பனியன் கம்பெனியில ஷிஃப்ட்னா ஒரு கூலி அளவு. எட்டு மணி நேரத்துக்கு ஒரு கூலின்னா, அடுத்த மூணு, நாலு மணி நேரத்துக்கு அரைக் கூலி. சட்டம் சொன்ன இரண்டு மடங்கு எங்கேயோ நடுவுல நூலா அறுந்து போச்சு. வாரக் கூலி வாங்கறவங்களும் சந்தோஷமாத்தான் 'ஒன்றரை' கேட்டு வாங்கறாங்க. வாடகை, வட்டி, பசங்க ஃபீஸ் எல்லாம் ஒரு ஷிஃப்ட்ல அடங்கறதில்லையே!

எட்டு மணி நேரம் எப்படி வந்துச்சு?

நாம சாதாரணமா 'எட்டு மணி நேர வேலை'ன்னு சொல்றோம். அது வானத்துல இருந்து விழலை. இந்தியாவுல 1922-ம் வருஷத்துச் சட்டப்படி வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை வாங்கலாம். 1934-ல அது 54 ஆச்சு. 48-க்கு இறங்கினது 1946-ல. அந்தத் திருத்தத்துக்கான வேலைகள் நடந்த காலத்துல வைஸ்ராய் கவுன்சில்ல தொழிலாளர் துறை உறுப்பினரா இருந்தவர் டாக்டர் அம்பேத்கர். நம்ம சென்னையில சிங்காரவேலர் 1923-லேயே மே தினம் கொண்டாடினதும் இதே கோரிக்கை வழியில வந்ததுதான்.

வந்தது திரும்பியும் போகப் பார்த்துச்சு. 2023 ஏப்ரல் 21-ம் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி விடற திருத்த மசோதா தமிழ்நாடு சட்டசபையில நிறைவேறுச்சு. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு பண்ணாங்க. மூணே நாள்ல நிறுத்தி வெச்சாங்க. மே தினத்தன்னிக்கு, மசோதாவைத் திரும்பப் பெறுறதா முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சார். அப்புறம் 2025 நவம்பர் 21-ம் தேதி, நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வர்றதா மத்திய அரசு அறிவிச்சுது. 1948 சட்டத்தோட இடத்துக்கு வந்த தொகுப்புலயும் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஓவர்டைமுக்கு இரண்டு மடங்குன்னுதான் இருக்கு.

பெண்கள் ராத்திரி ஷிஃப்ட் கதை தனி. 1948 சட்டம் ராத்திரி 7-ல இருந்து காலை 6 வரைக்கும் தொழிற்சாலையில பெண்கள் வேலை பார்க்கக் கூடாதுன்னு சொன்னுச்சு. 2000 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து பண்ணி, பாதுகாப்பு, போக்குவரத்துன்னு நிபந்தனைகள் போட்டுச்சு. புதுத் தொகுப்புலயும், ராத்திரி வேலைக்குப் பெண்ணோட சம்மதம் வேணும்னு இருக்கு. நல்ல வார்த்தை, சம்மதம். ராத்திரி 11.45-க்கு, பஸ் எப்போ கிளம்பும்னு முடிவு பண்றவர் முன்னாடி நின்னு சொல்ற 'சரிங்க', சம்மதமா? நீங்களே சொல்லுங்க.

8-ஆ, 24-ஆ?

ஆள் பத்திருச்சு, கூலியும் சரின்னு வெச்சுக்குவோம். வேலை முடிஞ்சுதா? இல்ல. ஷிஃப்ட்டை எந்தப் பக்கம் சுத்தறதுன்னு ஒரு கேள்வி இருக்கு.

டே பார்த்தவர் அடுத்து ஹாஃப் நைட், அப்புறம் ஃபுல் நைட், திரும்ப டே. இது முன்னோக்கிச் சுத்தறது. ஃபுல் நைட், அடுத்து ஹாஃப் நைட், அடுத்து டே, இது பின்னோக்கி. பேப்பர்ல ரெண்டும் ஒண்ணுதான். கடிகாரத்தை வெச்சுப் பாருங்க. டே முடியறது 4 மணி. முன்னோக்கிப் போனா, அடுத்து வர வேண்டியது மறுநாள் 4 மணிக்கு. இடைவெளி 24 மணி நேரம். பின்னோக்கிப் போனா, அன்னிக்கு ராத்திரி 12 மணிக்கே வரணும். இடைவெளி 8 மணி நேரம்! எந்த ஷிஃப்ட்ல இருந்து மாறினாலும் இதே கணக்குதான், போட்டுப் பாருங்க. முன்னால போனா 24, பின்னால போனா 8. அந்த எட்டுக்குள்ளதான் பஸ், குளியல், சமையல், தூக்கம் எல்லாமே. நடுவுல வார லீவு விழுந்தா ரெண்டுலயும் ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.

உடம்பும் இதையே சொல்லுது. நமக்குள்ள ஓடற கடிகாரம் 24 மணி நேரத்தை விடக் கொஞ்சம் நீளம். அதனால சீக்கிரம் தூங்கறதை விட லேட்டா தூங்கறது சுலபம். (இதுக்கு உங்களுக்கு ஆராய்ச்சி எல்லாம் தேவையில்ல, ஹாஸ்டல் அனுபவமே போதும்!) அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஒரு கனிமத் தொழிற்சாலையில ஷிஃப்ட்டை வாராவாரம் பின்னோக்கி மாத்திகிட்டிருந்தாங்க. சார்லஸ் ஸைஸ்லர்ங்கிற விஞ்ஞானியோட குழு அதை முன்னோக்கித் திருப்பி, மூணு வாரத்துக்கு ஒருதரம் மாத்திப் பார்த்துச்சு. ஆளுங்க திருப்தியும் கூடுச்சு, உற்பத்தியும் கூடுச்சு. 1982-ல 'சயின்ஸ்' இதழ்ல அது வந்துச்சு. உடம்புக் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச மூணு பேருக்கு 2017-ல நோபல் பரிசே கொடுத்தாங்க. ராத்திரி ஷிஃப்ட் வேலை, மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்னு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல வகைப்படுத்தி, 2019-லயும் அதை உறுதி பண்ணுச்சு.

இந்தத் திசை மாத்தறதுக்கு மில்லுக்குச் செலவு என்ன தெரியுமா? ஒரு பேப்பர், ஒரு பிரிண்ட் அவுட்!

தறிக்குடோன்ல சார்ட்டே இல்ல

சோமனூர்ப் பக்கம் எங்க சித்தி வீடு. நாலு தறி. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், இவங்க கூலிக்கு ஓட்டிக் கொடுக்கணும். அங்க பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட்தான், காலைல எட்டு, ராத்திரி எட்டு. ஆள் கிடைக்காத காலத்துல சித்தப்பா ராத்திரி ஓட்டுவார், சித்தி பகல்ல. காலைல எட்டு மணிக்கு அவர் தறியை விட்டு வெளிய வர, இவங்க உள்ள போவாங்க. ஒரே வீடு, ஒரே பாய். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடறது கரண்ட் கட்டான நாள்லதான். 2008-க்கு அப்புறம் சில வருஷம் மின்வெட்டு போட்டு வாட்டினப்போ, "ஈ.பி.காரங்க புண்ணியத்துல உங்க சித்தப்பா மூஞ்சியைப் பார்த்தேன்"னு சித்தி சிரிப்பாங்க.

இந்த மாதிரிக் குடோனுக்கு எந்த 48 மணி நேரமும் கிடையாது. பழைய சட்டத்துல, மின்சாரத்துல ஓடற இடம்னா 10 தொழிலாளர் இருந்தாத்தான் தொழிற்சாலை. புதுத் தொகுப்புல அது 20 ஆயிடுச்சு. நாலு தறிக்காரங்க தங்களுக்குத் தாங்களே முதலாளி, தங்களுக்குத் தாங்களே தொழிலாளி. மீட்டருக்கு இவ்வளவுன்னு வர்ற கூலிதான் அவங்களை ஓட்டற சூப்பர்வைசர். கூலி உயரலைன்னா ஷிஃப்ட் நீளும். அங்க எந்த எக்செல்லும் வேலைக்கு ஆகாது.

நாளைக்கு நீங்க போடப்போற சார்ட்

நீங்க மில்லுக்குப் போகாம இருக்கலாம். ஆனா நர்சிங் படிக்கிறீங்களா? டியூட்டி ரோஸ்டர் உண்டு. பி.பி.ஓ., ஐ.டி. சப்போர்ட், ஹோட்டல், ஏர்போர்ட்... எங்க போனாலும் ஷிஃப்ட் உண்டு. எம்.பி.ஏ. முடிச்சு எச்.ஆர். ஆனா, சார்ட் போடற சேர்லயே உட்காருவீங்க. இப்போ சாஃப்ட்வேர் ஒரே கிளிக்ல சார்ட் போட்டுக் கொடுக்குது. அதுகிட்ட நீங்க என்ன கேட்கிறீங்களோ அதைத்தான் கொடுக்கும். அதனால ஐயாகிட்ட நான் கத்துகிட்டதை இங்க எழுதிடறேன்.

* பேர் எழுதறதுக்கு முன்னாடி கட்டத்தை எண்ணுங்க. 24 மணி நேரமும் ஆள் வேணும்னா, ஒரு இடத்துக்கு மூன்றரை ஆள் குறைஞ்சபட்சம். லீவையும் சேர்த்தா நாலு. அது இல்லைன்னா சார்ட் போடறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட சொல்லுங்க.

* முன்னோக்கிச் சுத்துங்க. டே, ஹாஃப், ஃபுல்.

* சார்ட்டை முன்கூட்டியே ஒட்டுங்க. அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல பெரிய கடை, ஹோட்டல்காரங்க 14 நாளுக்கு முன்னாடியே வேலை நேரத்தைச் சொல்லணும்னு 2020-ல இருந்து சட்டமே அமல்ல இருக்கு. சட்டம் இல்லைன்னாலும் ஒரு பசைடப்பா போதும்.

* மாத்த முடியாத நாள் என்னன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு எழுதிக்குங்க. பரீட்சை, ஆஸ்பத்திரி, குழந்தை. துண்டுச் சீட்டைத் தொலைச்சுடாதீங்க.

* கூப்பிட்ட நோட்டு போடுங்க. யாரை எத்தனை தடவை கூப்பிட்டோம்னு எழுத ஆரம்பிச்சாலே பாதி அநியாயம் குறையும்.

* நீங்க சார்ட்டுக்குக் கீழ வேலை பார்க்கிறவரா? அதை செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கூடுதலா எத்தனை மணி நேரம் பார்த்தீங்கன்னு தேதியோட குறிச்சு வையுங்க. பின்னாடி கணக்குக் கேட்கறப்போ ஞாபகம் செல்லாது, எழுத்துதான் செல்லும்.

அந்த அக்கா டிசம்பர்ல மறுபடியும் பரீட்சை எழுதினாங்க. இந்தத் தடவை நோட்டுல அவங்க பேருக்கு நேரா, 'முதல் நாள் கூப்பிட வேண்டாம்'னு ஐயா சிவப்பு இங்க்ல எழுதி வெச்சாராம். பாஸ்!

இன்னும் கொஞ்ச நாள்ல உங்க காலேஜுக்கும் கேம்பஸ் இன்டர்வியூ வரும். டை கட்டின ஒருத்தர், "நைட் ஷிஃப்ட் ஓகேவா?"ன்னு கேட்பார். வேலை வேணுமே, எல்லாரும் "யெஸ் சார்"தான் சொல்லுவோம். தாராளமா சொல்லுங்க. கடைசியா அவர், "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்கறப்போ மட்டும் ஒரு கேள்வியைக் கேட்டுடுங்க.

"ஷிஃப்ட் சார்ட்டை எத்தனை நாளுக்கு முன்னாடி போடுவீங்க சார்?"